பாறைப் படுகைகளை அளக்கத் திசைகாட்டியா, கைப்பேசியா? நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நிலவியல் வரைபடப் பணிக்குப் புதிதாக வருபவர்கள், "கைப்பேசியில் செயலி இருக்கும்போது இவ்வளவு விலை கொடுத்துத் திசைகாட்டி எதற்கு?" என்று கேட்கிறார்கள். இரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே பயன்படுத்தி வருகிறேன். வாங்குங்கள் என்பதே என் பதில்.

என்னிடம் இருப்பது பிரன்டன் வகை. சுரங்கப் பொறியாளர் டேவிட் பிரன்டன் 1894இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அடிப்படை இன்றும் அதேதான். முகப்பில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பது முதலில் குழப்பும். முள் வடக்கு நோக்கியே நிற்க, பெட்டிதான் திரும்புகிறது. அதனால்தான் முள் காட்டும் திசையை அப்படியே எழுதிக்கொள்ள முடிகிறது.

பெட்டியின் விளிம்பைப் படுகைத் தளத்தில், அதாவது பாறை அடுக்கின் பரப்பில், ஒட்டிவைத்து, வட்ட ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்ததும் முள்ளைப் படித்தால் ஸ்ட்ரைக், அதாவது படுகையின் கிடைத்திசை. அதற்குச் செங்குத்தாகப் பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, பின்புறப் பிடியைத் திருப்பி நீள ரசமட்டத்தைச் சரிசெய்தால் டிப், அதாவது சாய்கோணம். பாறை கரடுமுரடாக இருந்தால் குறிப்பேட்டின் கெட்டி அட்டையை அதன்மேல் வைத்து, அந்த அட்டையை அளப்பேன்.

சாய்கோணத்தைச் செயலியும் நன்றாகவே சொல்கிறது. புவியீர்ப்பை வைத்துக் கணக்கிடுவதால் அதில் பிசகு குறைவு. திசைதான் தொல்லை. உறையில் சிறு காந்தம் இருந்தாலோ அருகில் சுத்தியல் கிடந்தாலோ ஒரே படுகைக்கு வெவ்வேறு திசைகள் வருகின்றன, அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல். மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் மிகுந்த பாறையில் முள்ளும்தான் ஏமாறும். ஆனால் பாறையை நெருங்க நெருங்க அது விலகுவது கண்ணுக்குத் தெரியும். உடனே தள்ளி நின்று, பெட்டி மூடியின் கண்ணாடி வழியாகப் படுகைக் கோட்டை நோக்கி அளந்துவிடலாம்.

படுகைகள் வளைந்து உண்டான மடிப்புகள் நெருங்கிய பகுதியில் மட்டும் செயலியைத்தான் முதலில் எடுப்பேன். குறுகிய நேரத்தில் ஏராளமான அளவுகள் சேர்கின்றன. அவை உடனுக்குடன் வலைப்படத்தில் (திசையையும் சாய்வையும் ஒரே வட்டத்தில் குறிக்கும் படம்) விழுவதால் மடிப்பின் அச்சு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது களத்திலேயே புலப்படுகிறது. மாலையில் உட்கார்ந்து கையால் குறித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம்.

இரண்டுமே கைவிடும் இடங்களும் உண்டு. சாய்வு ஐந்து டிகிரிக்கும் குறைவாக இருந்தால் ஸ்ட்ரைக்கை நம்ப முடியாது. அதே படுகையின் உயரத்தை ஒரே கோட்டில் அமையாத மூன்று இடங்களில் எடுத்துக் கணக்கிடுவதே சரி. மணற்கல்லில் குறுக்குப் படுகையை, அதாவது மணல் படியும்போதே சாய்வாக அமைந்த உள்ளடுக்கை, அளந்து அதையே உண்மைச் சாய்வு என்று எழுதினால், நிலத்தில் இல்லாத மடிப்பு வரைபடத்தில் முளைத்துவிடும். அதைப் பிரித்தறிவது கண்ணின் வேலை.

வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: முள்ளின் எடைச் சமநிலை நீங்கள் வேலை செய்யும் அரைக்கோளத்துக்கு ஏற்றதா? இல்லையென்றால் முள்ளின் ஒரு முனை தாழ்ந்து உரசும். கைக்கு வந்ததும், உங்கள் பகுதியின் காந்த விலக்கத்தை (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணம்) அதில் அமைத்துவிட்டு முதல் அளவை எடுங்கள்.