ஏர்டேக்: கூட்டத்தில் கெட்டி, காட்டில் ஊமை

தொலைந்த பெட்டி கடல் கடந்து, பேரே கேள்விப்படாத ஒரு விமான நிலையத்தில் கிடப்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்ற ஆசையில்தான் பலரும் ஏர்டேக் வாங்குகிறார்கள். பொருளோடு சேர்த்து வைத்தால் அது இருக்கும் இடத்தை ஐபோனில் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை இது. அந்த ஆசை பாதி நியாயமானது. 2021இல் வந்த முதல் தலைமுறை ஏர்டேக்கை வைத்து எழுதுகிறோம்.

இதற்குள் ஜிபிஎஸ் கிடையாது, சிம் கிடையாது. 11 கிராம் எடையுள்ள இந்த வில்லை புளூடூத்தில் விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் போகும் யாருடைய ஐபோனாவது அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை மறையாக்கம் செய்து அனுப்பினால்தான் உங்கள் திரையில் புள்ளி விழும். ஆக, வரைபடத்தில் தெரிவது பொருள் கிடக்கும் இடம் அல்ல, அதைக் கடந்துபோனவர் நின்ற இடம். புள்ளியைவிட அதன் கீழே காட்டும் நேரம்தான் முக்கியம். நேரம் பழசாக இருந்தால், அதற்குப் பிறகு அந்த வழியே ஐபோன் எதுவும் போகவில்லை, அல்லது பொருள் இடம் மாறி ஆளில்லாத பக்கம் போய்விட்டது. இரண்டில் எது என்று ஏர்டேக்குக்கே தெரியாது.

விமானப் பெட்டிக்கு இது அருமையான துணை. பெட்டி வழிதவறப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். பழைய பயணத்தின் பார்கோடு ஸ்டிக்கரைக் கிழிக்காமல் விட்டால் ஸ்கேனர் குழம்பும். சான் ஹோசே என்ற பெயர் கலிபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டா ரிகாவிலும் உண்டு. முன்னதன் விமான நிலையக் குறியீடு எஸ்ஜேசி, பின்னதன் குறியீடு எஸ்ஜேஓ. ஓர் எழுத்து பிசகினால் போதும், பெட்டி வேறு நாட்டில் இறங்கிவிடும். அங்கேயும் சுமை இறக்குபவர் சட்டைப்பையில் ஐபோன் இருக்கும் என்பதுதான் ஏர்டேக்கின் பலம்.

பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 18.2 பதிப்பு முதல், பொருளின் இருப்பிடத்தை ஒரு இணைப்பாக விமான நிறுவனத்துக்கு அனுப்பலாம். 7 நாளில் அது தானாகக் காலாவதியாகும், எனவே தேவைப்பட்டால் புதிதாக அனுப்புங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில் 21 நாள் கழிந்தும் பெட்டி வரவில்லை என்றால், தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். அதுவரை எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காதீர்கள்.

வைக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அலுமினியப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு அடியில் புதைத்தால் சிக்னல் நலிந்துவிடும். ஜிப் ஓரமாக, உள்துணிப் பையில் வையுங்கள். சாவிக்கொத்தில் கோக்க வில்லையில் ஓட்டை கிடையாது. தனியாக ஒரு உறை வாங்கவைப்பது வியாபாரத் தந்திரம் என்றே தோன்றுகிறது. பேட்டரி சிஆர்2032, சுமார் ஒரு வருஷம் வரும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு போட்டு விற்கும் பேட்டரிகளில் சில இதில் வேலை செய்யாது. மாற்றியதும் பீப் சத்தம் வரவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பொருள் தொலைந்துவிட்டது என்று குறித்துவைக்கும் லாஸ்ட் மோடில் ஒரு தொலைபேசி எண் கொடுக்கலாம். கண்டெடுத்தவர் என்எஃப்சி (அருகில் வைத்தாலே தகவல் படிக்கும் வசதி) உள்ள எந்தப் போனையும் வில்லையின் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் அந்த எண் தெரியும், ஆண்ட்ராய்டாக இருந்தாலும் சரி. நாட்டுக் குறியீட்டோடு போடுங்கள், அதுவும் வீட்டில் இருப்பவர் எண்ணாக. பையோடு சேர்ந்து தொலைந்த போனின் எண்ணைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

மலையேற்றத்துக்கு இதை நம்ப வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் விழுந்த பையைத் தாண்டி யாரும் போகாத வரை திரை மாறவே மாறாது. ஆண்ட்ராய்டு போன்களை வைத்து இதேபோல் பொருள் தேட 2024இல் கூகுள் தொடங்கிய வலையமைப்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இயல்பு அமைப்பில், ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன் கண்டால் போதாது, பல போன்கள் காண வேண்டும். எல்லா இடங்களிலும் உதவும்படி அமைப்பை மாற்றி வைத்த ஒருவர் அந்த வழியே வந்தால்தான் உண்டு. ஆள் நடமாட்டமில்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அனுப்பும் கருவிதான் சரி. அது கனமானது, மாதச் சந்தாவும் கேட்கும். அது கட்டுப்படியாகாதவர்கள் பையின் உள்பக்கத் துணியில் அழியாத மையால் பெயரையும் எண்ணையும் எழுதிவிடுங்கள். பனி உருகி ஆறு மாதம் கழித்து யாரோ எடுத்தாலும் அது படிக்கக் கிடைக்கும்.