பழைய கேஸை அழிச்சுத் தாறம் எண்டு காசு கேக்கிறவையிட்டை கவனம்

கனடாவில பழைய கேஸ் ஒண்டு இருந்து, ரெக்கோட் சஸ்பென்ஷன் (குற்றப் பதிவை மற்றவைக்குத் தெரியாமத் தனியா ஒதுக்கி வைக்கிறது), அதுதான் முந்தி பார்டன் எண்டு சொன்னது, அதை எடுக்க நினைக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். என்ர சொந்தக்காரர் கன பேருக்கே தெரியாத விசயம், எண்டாலும் இன்னொருத்தர் இப்பிடிக் காசைக் கொண்டுபோய்க் குடுக்கக் கூடாது.

2014ல ஒரு கைகலப்பில எனக்குக் கேஸ் விழுந்தது. சமரி கேஸ்தான், அதாவது சின்னக் குற்றம், 500 டொலர் பைன், அதுக்கு மேல 150 டொலர் சர்சார்ஜ், பைனோட சேத்துக் கட்டச் சொல்லுற மேலதிகக் காசு. பைனை அப்பவே கட்டிட்டன், சர்சார்ஜைக் கவனிக்கேல்லை, 2020ல கலெக்‌ஷன்காரற்ற கடிதம் வந்த பிறகுதான் கட்டினன். அதோட முடிஞ்சுது எண்டு இருந்தா, 2022ல ஸ்கூல் பஸ் ஓடுற வேலைக்குப் போக பொலிஸ் செக் கேட்டினம், வேலை போச்சு.

ஒன்லைன்ல தேடி ஒரு கொம்பனிக்கு போன் எடுத்தன். ஒரு தமிழ்ப் பிள்ளைதான் கதைச்சுது, நல்ல அன்பா, "எட்டு வருசம் ஆச்சுத்தானே அண்ணா, உங்களுக்கு கட்டாயம் கிடைக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் பயமில்லாமப் போகலாம்" எண்டு. மொத்தம் 1,800 டொலர், மாசம் மாசம் கட்டலாம், அதுக்குள்ள கவர்மெண்ட் பீஸ் மட்டும் 650க்கு மேல எண்டும் சொல்லிச்சுது. முந்தி அவ்வளவு இருந்தது உண்மை. ஆனா 2022 ஜனவரி 1ல இருந்து அதை 50 டொலராக் குறைச்சாச்சு. நான் காசு கட்டினது அதுக்குப் பிறகு!

கட்டாயம் கிடைக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, முடிவெடுக்கிறது பரோல் போர்ட் எண்ட கனடா அரசாங்கச் சபை. அமெரிக்க போடர்காரர் கனடா குடுக்கிற சஸ்பென்ஷனை ஏற்கிறதே இல்லை. அதோட ரெக்கோட் அழியிறதும் இல்லை, தனியா எடுத்து வைக்கினம், திரும்பக் கேஸில குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தா வெளியில வரலாம். இதில ஒண்டையும் அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை.

கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்குப் பிறகு அப்ளிகேஷன் திரும்பி வந்துது, காலம் காணாது எண்டு. அப்ளிகேஷன் போட முந்திக் காத்திருக்க வேண்டிய காலம், சமரிக்கு 5 வருசம், இண்டைட்டபிள் எண்ட பெரிய குற்றத்துக்கு 10 வருசம் எண்டுறது தீர்ப்பு வந்த நாளில இருந்து எண்ணுறது இல்லையாம், மறியல், புரொபேஷன், பைன், சர்சார்ஜ், நட்டஈடு எண்டு தண்டனை எல்லாம் முடிஞ்சு கடைசிச் சதமும் கட்டின நாளில இருந்துதானாம். எனக்கு 2020ல இருந்து, அப்ப 2025 வரைக்கும் இருக்கோணும்.

என்ர பைலைத் தாங்கோ எண்டு சண்டை பிடிச்சு வாங்கிப் பாத்தன். கோட்டால நிரப்பிக் குடுக்கிற பேப்பர், சீல் குத்தி, கடைசியாக் காசு கட்டின திகதி எண்ட கட்டத்துக்குள்ள நீல மையால 2020 எண்டு வடிவா எழுதியிருக்கு. அதை வாங்கினது அவைதான், அவையின்ர கையிலதான் மாசக்கணக்காக் கிடந்தது, பாத்துப்போட்டும் அனுப்பியிருக்கினம். காசைத் திருப்பிக் கேட்டா, அனுப்பினதோட எங்கட வேலை முடிஞ்சுது, கொன்ட்ராக்டைப் பாருங்கோ எண்டுறினம். அந்த 1,800ஐயும் ஓவர்டைம் செய்து கட்டினனான்.

2025ல நானே தனியச் செய்தன். கைரேகை குடுத்து ஆர்சிஎம்பியிட்டை, அதுதான் கனடாவின்ர தேசியப் பொலிஸ், ரெக்கோட் எடுக்கிறது, கோட் பேப்பர், கடைசி 5 வருசம் இருந்த இடத்துப் பொலிஸ் செக், பிறகு போர்ட்டின்ர போம். அலைச்சல்தான், ஆனா லோயரும் தேவையில்லை, ஏஜென்சியும் தேவையில்லை, அவைக்கூடாப் போனா கெதியா முடியும் எண்டும் இல்லை. இப்ப பதிலுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறன்.

ஆருக்கும் ஒரு சதம் குடுக்க முந்தி, தீர்ப்பு வந்த கோட்டுக்கு போன் எடுத்து, என்ர பேரில ஏதும் கட்டாமக் கிடக்கோ, கடைசியா எப்ப கட்டினது எண்டு கேளுங்கோ. நான் கேட்டப்ப பேரையும் பிறந்த திகதியையும் வாங்கிக்கொண்டு பத்து நிமிசத்தில பாத்துச் சொல்லிச்சினம்.