சாவேர் இடங்களுக்கு ஒரு ஆட்டோ: குற்றிப்புரம் ஸ்டேஷன் வாசல்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு 'சாவேர்' என்றால் மலையாளப் பேப்பரில் குண்டுவெடிப்புச் செய்தியோடு வரும் சொல். தமிழ்ப் பேப்பர் அதையே தற்கொலைப்படை என்று போடும். அந்தச் சொல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மாமாங்கம் என்ற பழைய கேரளத் திருவிழா நடந்தது திருநாவாயாவில். அதைப் பார்க்கத்தான் குற்றிப்புரத்தில் இறங்கி ஆட்டோ பேசினோம். காத்திருப்பும் சேர்த்து 600 ரூபாய். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பாதிக் காசை டிரைவர் பேச்சுக்கே கொடுக்கலாம்.

கொடக்கல் ஓட்டுக் கம்பெனி வளாகத்துக்குள் நிலபாடு தறை இருக்கிறது. வெட்டுக்கல் மேடை, அவ்வளவுதான். தனியாக வந்திருந்தால் ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பியிருப்போம். டிரைவர் விடவில்லை. அந்தக் காலத்தில் 12 வருடத்துக்கு ஒருமுறை மாமாங்கத்தில் கோழிக்கோடு ராஜாவான சாமூதிரி இந்தத் தறையில்தான் வாளோடு நிற்பார், சுற்றிலும் வேல்காரர்கள் காவல். மாமாங்கம் நடத்தும் உரிமையை அவரிடம் பறிகொடுத்த வள்ளுவநாட்டு ராஜா வள்ளுவக்கோனாதிரி அனுப்பிய ஆட்கள்தான் சாவேர்கள், அந்தக் காவலை வெட்டிக்கொண்டு அவரைக் கொல்ல வருவார்கள். உயிரோடு திரும்புவதாக யாருக்கும் நினைப்பில்லை.

"சாரே, கூட்டத்துல போய் வெடிக்கிறவனையும் சாவேர்னு எழுதறாங்க. இவங்களுக்குக் குறி ஒரே ஆள். அவர் நிக்கிற இடம் இது, வர்ற நாள் ஊருக்கே தெரியும்" என்றார், மேடையைக் கையால் தட்டிக்கொண்டே.

நம் பக்கத்துப் பாண்டியரின் ஆபத்துதவிகளும் சோழரின் வேளைக்காரரும் ராஜாவின் உயிரைக் காக்க உயிரைக் கொடுத்தவர்கள். சாவேர் கிளம்பியது பழி தீர்க்க. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறோம், எனக்கு அது சரியாகப் படவில்லை.

பக்கத்தில் மணிக்கிணறு. வெட்டுப்பட்ட சாவேர்களின் உடல்களை யானையை விட்டு இதில் தள்ளினார்கள் என்பது அந்த ஊர்ப் பேச்சு. இதைச் சொல்லும்போது டிரைவர் குரலைத் தாழ்த்தவெல்லாம் இல்லை, நடுவில் வந்த போனையும் எடுத்துப் பேசினார்.

குறை என்றால், அப்புறம் ஒரே அவசரம். காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சங்ஙம்பள்ளி களரியில் ஐந்து நிமிடம்கூட நிற்க விடவில்லை. சாவேர்கள் கிளம்பிய அங்காடிப்புரம் திருமாந்தாங்குன்று கோயில் இந்த வாடகையில் சேராது. அதற்குத் தனி ரேட் சொல்கிறார். வண்டியில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.