பேண்ட்கேம்ப்: தெரியாத எலக்ட்ரானிக் ஆல்பங்களுக்கு

புது எலக்ட்ரானிக் மியூசிக் தேடுறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது, ஆர்ட்டிஸ்டும் லேபிளும் நேரா ஆல்பம் விக்குற பேண்ட்கேம்ப் சைட் தாங்க. ஆல்பம் பேஜ்ல அத வாங்கினவங்க போட்டோ குட்டி குட்டியா இருக்கும், ஒன்ன கிளிக் பண்ணா அந்த ஆளோட மொத்த கலெக்‌ஷனும் வந்துடும், அங்கேருந்து இன்னொருத்தர், அப்படியே போனா விடிஞ்சிடும். உகாண்டா கம்பாலால இருக்குற நியேகே நியேகே டேப்ஸ் லேபிள் பேஜ்ல 2017ல வந்த 'சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ' போட்டுப் பாருங்க, தான்சானியாவோட சிங்கெலி மியூசிக், 200 பிபிஎம்க்கு (நிமிஷத்துக்கு எத்தன பீட்னு கணக்கு) மேல ஓடும், மண்டை கிர்ர்னு ஆயிடும் (ஹெட்போன்ல வேணாம், ஸ்பீக்கர்ல வைங்க).

பெரும்பாலும் முழுசா கேட்டுட்டே வாங்கலாம், ஃபிளாக்லயே (குவாலிட்டி குறையாத ஃபைல்) டவுன்லோடு, சில ஆல்பத்துக்கு விலையே நாமதான் போடணும், சைபர்னாலும் ஓகே. டிஜிட்டல் சேல்ஸ்ல கம்பெனி எடுக்குறது 15%, பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு வருஷத்துல சில வெள்ளிக்கிழமை வரும், அன்னிக்கு அதுவும் கிடையாது, அதனால நான் விஷ்லிஸ்ட்ல சேத்து வச்சு அன்னிக்குத்தான் வாங்குவேன். 2023ல சாங்டிரேடர்ங்குற மியூசிக் லைசென்சிங் கம்பெனி கைக்குப் பேண்ட்கேம்ப் போனப்போ பாதி ஸ்டாஃப தூக்கினது மட்டும் இன்னும் உறுத்துது. தானா பாட்டு ஓடிட்டே இருக்கணும்னு நினைக்குறவங்களுக்கு இது செட் ஆகாது, தோண்டணும்.