கதவுக் காவல் சுவிட்ச்: நாக்கு, காந்தம், ஆர்எஃப்ஐடி மூன்றில் எதை நம்பலாம்?

இயந்திரத்தின் தடுப்புக் கதவு திறந்ததும் மோட்டாரை நிறுத்த வைப்பதுதான் இந்தச் சுவிட்சின் வேலை. அது ஒழுங்காக ஓடுகிற நாட்களைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்ல முடியாது. வயர் அறுந்தால், ஸ்பிரிங் ஒடிந்தால், மின்சாரம் போனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். பீரங்கிக் குண்டை வெடிக்க வைக்கும் உறுப்பான ஃபியூஸுக்கும் இதே விதிதான். சுடும்போது பின்னோக்கி அழுத்தும் விசை ஒரு பூட்டைத் திறக்கும், குண்டின் சுழற்சி இன்னொன்றைத் திறக்கும். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் ஃபியூஸ் விழிக்கக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-1316 தரநிலை, ஒன்றையொன்று சாராத இரண்டு காப்புகளைக் கேட்பது இதற்காகத்தான். அதே கண்டிப்போடு கதவுச் சுவிட்சையும் பார்த்தால், மூன்று வகைக்கும் கிடைக்கும் மதிப்பெண் ஒன்றல்ல.

முதலில் நாக்கு வகை. கதவில் ஓர் உலோக நாக்கு, சட்டத்தில் அந்த நாக்கு நுழையும் துளையுள்ள சுவிட்ச். இதன் பெரிய பலம் நேரடித் திறப்பு: கதவை இழுக்கும் விசையே, ஸ்பிரிங்கை நம்பாமல், மூடியிருக்கும் கான்டாக்டைப் பிரிக்கிறது. லேசாக ஒட்டிப்போன கான்டாக்டும் பிய்ந்து வந்துவிடும். வட்டத்துக்குள் அம்பு போட்ட குறி சுவிட்ச் மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் குறி இல்லாததைக் காவல் வேலைக்குத் தொடவே வேண்டாம்.

ஆனால் உள்ளே இரண்டு கான்டாக்ட் இருந்தாலும் நாக்கு ஒன்றுதான். கீல் தேய்ந்து கதவு 2, 3 மில்லிமீட்டர் தொங்கினால் போதும், நாக்கு துளையின் ஓரத்தில் இடிக்க ஆரம்பிக்கும். துளையைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த கோடும், கீழே பொடிப்பொடியாக உலோகத் தூளும் தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அடுத்த கட்டத்தில் நாக்கு முறிந்து, அதன் துண்டு சுவிட்ச் தலைக்குள்ளேயே தங்கிவிடும். கதவு அகலத் திறந்திருக்கும், மின்சுற்றோ மூடியே இருக்கும், இயந்திரம் ஓடும். கை நசுங்கும் அபாயமுள்ள இடத்துக்கு ஒற்றை நாக்குச் சுவிட்சை மட்டும் போடக் கூடாது என்பது இதனால்தான். சீவலும் தூசியும் பறக்கும் இடத்துக்கும் இது ஒத்துவராது, துளை அடைத்துக்கொள்ளும்.

காந்த வகையில் உரசல் இல்லை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். உள்ளே ரீட் கான்டாக்டுகள், அதாவது காந்தம் நெருங்கினால் அசையும் மெல்லிய உலோக இதழ்கள்; ஒன்று திறப்பது, ஒன்று மூடுவது என குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒற்றை ரீட் உள்ளதை எந்த காந்தத்தை ஒட்டியும் ஏமாற்றிவிடலாம். ரீட் மெல்லியது. அதில் நேரடியாக, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டரின் காயிலையோ விளக்கையோ இணைத்தால், தொடக்க மின்னோட்டத்திலேயே ஒட்டிப்போகும். சுவிட்சைக் கண்காணித்து மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு ரிலேயின் உள்ளீட்டைத் தவிர வேறெதற்கும் இதைக் கொடுக்காதீர்கள். அதிர்வு அதிகமான கதவில் இது விட்டுவிட்டுத் திறந்து மூடுவதும் உண்டு.

மூன்றாவது ஆர்எஃப்ஐடி வகை, அதாவது ரேடியோ அலையால் அடையாளம் காண்பது. விலை கூடுதல்தான், ஆனாலும் புதிதாகக் கட்டும் இயந்திரத்துக்கு இதையே சொல்வோம். கதவில் பொருத்திய எதிர்த்துண்டில் இருக்கும் குறியீட்டைச் சுவிட்ச் படிக்கிறது. கதவுக் காவல் சுவிட்சுகளுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 14119 கணக்கில் 1000-க்கு மேற்பட்ட குறியீடுகள் இருந்தால் உயர் குறியீடு. அதில் ஒரு சுவிட்ச் தன் ஜோடியை மட்டுமே ஏற்கும். நாக்கு வகையில் நடக்கிற அநியாயம் இங்கே நடக்காது: உபரி நாக்கு ஒன்றைத் துளையில் செருகிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தே ஓட்டுவது. காவலுக்கு வைத்த வேலியே பயிரை மேய்வது அதுதான். குறியீட்டுச் சுவிட்சிலும் எதிர்த்துண்டைக் கழற்ற முடிந்தால் பயனில்லை. திருப்பிக் கழற்ற முடியாத ஸ்க்ரூ அல்லது ரிவெட் போட்டுத்தான் பொருத்த வேண்டும். கதவை நிறுத்தும் முட்டுக்கட்டையாகச் சுவிட்சைப் பயன்படுத்தவும் கூடாது, அதற்குத் தனி நிறுத்தி வையுங்கள்.

இதன் வெளியீடு 24 வோல்ட்டில் இரண்டு தடங்கள், அதாவது ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு தனி வயர்கள். தடம் உண்மையிலேயே அணைகிறதா என்று பார்க்க, சுவிட்ச் தானே அடிக்கடி மிகக் குறுகிய சோதனைத் துடிப்பு அனுப்பும். இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியின் சாதாரண உள்ளீட்டில் இணைத்தால் அந்தத் துடிப்பையே "கதவு திறந்தது" என்று படித்து, காரணமில்லாமல் இயந்திரம் நிற்கும். பலர் சுவிட்சைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான். துடிப்பைப் பொறுக்கும் பாதுகாப்பு உள்ளீடே தீர்வு. உலோகத் தகட்டில் பொருத்தினால் உணரும் தூரம் குறையும். இரண்டு சுவிட்ச் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று குழப்பும். தயாரிப்பாளர் தாளில் உள்ள இடைவெளியை அப்படியே விடுங்கள்.

இந்த வகையை ஒரு படி மேலே வைப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. பல கதவுகளின் கான்டாக்ட் சுவிட்சுகளைத் தொடராக ஒரே ரிலேயில் கட்டும்போது பழுது மறைந்துபோகும். முதல் கதவின் இரண்டாம் தடம் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அந்தக் கதவைத் திறந்தால் ஒரு தடம் மட்டும் விழும், ரிலே பழுதைக் கண்டு பூட்டிக்கொள்ளும். சரிதான். ஆனால் "ரீசெட் ஆகவில்லையே" என்று யாரோ அடுத்த கதவைத் திறந்து மூடுகிறார்கள். இரண்டு தடமும் விழுந்து எழுந்ததால் ரிலே எல்லாம் சரி என்று ரீசெட் ஆகிவிடும். முதல் பழுது உள்ளேயே இருக்கும், இன்னொரு தடமும் போகும் நாளுக்காகக் காத்துக்கொண்டு. ஆர்எஃப்ஐடி சுவிட்சுகள் தொடரிலும் தனித்தனியே தம்மைச் சோதிப்பதால் இந்தப் பொறி இல்லை. சுவிட்ச் கூடக்கூட மறுமொழி நேரம் கூடும், நீண்ட கேபிளில் மின்னழுத்தம் இறங்கும். கடைசிச் சுவிட்சின் முனையில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

இவ்வளவு செய்தும், இயந்திரம் நிற்க நேரமெடுத்தால் எந்தச் சுவிட்சும் காப்பாற்றாது. ஐஎஸ்ஓ 13855 தரநிலை இத்தகைய கதவுக்கு ஆள் நெருங்கும் வேகத்தை நொடிக்கு 1600 மில்லிமீட்டர் என எடுக்கிறது. மொத்த நிற்கும் நேரம் 0.2 நொடி என்றால் கதவுக்கும் அபாயத்துக்கும் குறைந்தது 320 மில்லிமீட்டர் வேண்டும். விசிறி ஓய 4 நொடி ஆனால் 6.4 மீட்டர். அங்கே பூட்டும் வகை சுவிட்ச்தான் வழி. அதிலும் மின்சாரம் போனால் பூட்டியே இருக்கும் மாடல் வேண்டும். ஆள் உள்ளே நுழையக்கூடிய கதவானால் உள்ளிருந்து திறக்கும் பிடியும் கட்டாயம்.

பொருத்தி முடித்ததும் சோதனை: ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் திறந்து இயந்திரம் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரு தடத்தின் வயரைக் கழற்றுங்கள், மறுபடி மின்சாரம் கொடுத்தால் ரீசெட் ஆகக் கூடாது. இரண்டு தடங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள், பழுது விளக்கு எரிய வேண்டும். கான்டாக்டர் விடுபட்டதை ரிலேக்குச் சொல்லும் பின்னூட்ட வயரைக் கழற்றினாலும் மறுபடி கிளம்பக் கூடாது. அரிதாகத் திறக்கும் கதவில் பழுது தானாக வெளியே தெரியாது. ஆகவே பாதுகாப்பு அளவுகளில் மிக உயர் நிலையான பிஎல் இ-க்கு மாதம் ஒரு முறையும், அதற்கு அடுத்த பிஎல் டி-க்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் திறந்து பார்க்கச் சொல்கிறது ஐஎஸ்ஓ 14119. அந்தத் தேதியைக் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.