தமிழ்ப்படம் ஒன்றா, இரண்டா: தடைக்காலத் திரையிடலுக்கு எது தாங்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்பதால், பாம்பனில் எங்கள் தெருவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவதென்று முடிவாயிற்று. சிரிப்புப் படம் வேண்டும் என்றார்கள். தமிழ்ச் சினிமாவையே கேலி செய்யும் நையாண்டிப் படங்களான, சி. எஸ். அமுதன் இயக்கிய ‘தமிழ்ப்படம்’ (2010), ‘தமிழ்ப்படம் 2’ (2018) ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் முதற்படத்தையே போட்டேன்.

இரண்டிலும் சிவாதான் நாயகன். பகட்டில் இரண்டாவது படம் ஒரு படி மேல் என்பதில் ஐயமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது, கேலிக்கு உள்ளாகும் மூலத்தை அறியாதவருக்கும் அந்தக் காட்சி நிற்குமா என்பதுதான். முதற்படத்தில் சிறுவன் சைக்கிள் மிதிக்கும்போதே வாலிபனாகிறான், ஒரே இரவில் பரதநாட்டியம் கற்கிறான், ஒரு பாட்டுக்குள் பெரும் பணக்காரனாகிறான். இவை ஏதோ ஒரு படத்துக்குரியவை அல்ல. தமிழில் நாலு படம் பார்த்த எவருக்கும் பழகிய வழக்கங்கள். போதாக்குறைக்கு, கதையை இழுத்துச் செல்லும் ஒரு மர்மமும் உண்டு. நாயகன் தேடும் ‘டி’ என்ற தாதா, பரவை முனியம்மா நடித்த அவனுடைய பாட்டியேதான் (இத்தனை ஆண்டுகள் கழித்து முடிவைச் சொல்வதில் பாவமில்லை). பேரன் பெயரெடுக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதையெல்லாம் செய்தார் என்னும்போது, அந்த அபத்தத்துக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது படமோ அன்றன்று பேசப்பட்டவற்றை நம்பி நிற்கிறது. 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் அமர்ந்த தியானத்தை அதன் விளம்பரச் சுவரொட்டி நையாண்டி செய்தபோது நானும் சிரித்தேன். இன்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது கண் மூடி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவ்வளவே.

சண்டைக் காட்சிகளில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. மெய்யாகவே எடுக்கப்பட்ட வணிகப் படத்தில் ஒரே குத்துக்குப் பத்துப் பேர் பறக்கும்போது, நையாண்டிப் படம் இருபது பேரைப் பறக்கவிட்டால் ஆட்களின் எண்ணிக்கைதான் கூடுமே தவிர கேலி வலுப்பெறாது. தன்னைத்தானே மிகைப்படுத்திக்கொண்ட ஒன்றை மேலும் மிகைப்படுத்திக் கேலி செய்ய முடியாது. அதைச் சாதாரண நடப்பாக ஏற்றுக்கொண்டு, சுற்றியிருப்பவர்களும் முகம் மாறாமல் நடந்துகொண்டால்தான் அபத்தம் கண்ணில் படும். முதற்படம் பெரும்பாலும் அதைச் செய்கிறது. இரண்டாவதிலிருந்து சில சண்டைகளை முன்கூட்டி ஓட்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த பையன், “மாமா, இவருக்கு அடியே படாதா?” என்று கேட்டான். ஆபத்தே இல்லாத இடத்தில் அவன் எதற்காகக் காத்திருப்பான்?

ஆனால் இரண்டாவதை நான் முழுமையாகப் பார்த்தது கைப்பேசியில்தான். வெளியான வாரத்தில் அரங்கம் நிறைந்த கூட்டத்தோடு பார்த்தவர்களுக்கு அது வேறு படமாகத் தெரிந்திருக்கலாம். அதில் வில்லனாக வரும் சதீஷ் போட்ட விதவிதமான வேடங்களுக்கு இப்போதும் சிரிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த ஆண்டுகளின் மீம்களோடு வளர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமே கூடும் இடமென்றால் அதைப் போடலாம். பாட்டிகளும் சிறுவர்களும் பாய் விரித்து உட்காரும் தெருவுக்கு முதற்படம்தான் சரி.