குளிர்ந்த குட்டையில் மீன் வளர்க்க ஆன்டிபயாட்டிக்கா, ஈஸ்ட்டா?

தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் காப்பித் தோட்டத்தில் இரண்டு பண்ணைக்குட்டைகள் இருக்கின்றன. கோடையில் மிளகுக்கும் காப்பிக்கும் பாய்ச்ச வெட்டியவை. சும்மா கிடக்கும் தண்ணீர்தானே என்று சாதாக்கெண்டையும் புல்கெண்டையும் விட்டேன். ஆனால் பழனி மலையில் மீன் சமவெளி வேகத்தில் வளராது. மார்கழியில் குட்டைத் தண்ணீர் காலையில் 15 பாகை, மதியம் 17 பாகைதான். தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் கூடவே குளிர்ந்துவிடும், செரிமானம் மந்தமாகிவிடும்.

வளர்ச்சி போதவில்லை என்று அடிவாரத்தில் ஒரு தீவனக் கடையில் சொன்னேன். ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடியை எடுத்துக் கொடுத்து, தீவனத்தில் தினமும் கொஞ்சம் கலந்தால் எடை ஏறும் என்றார்கள். தோட்டக்கார நண்பர் ஒருவரோ ஈஸ்ட்டே போதும் என்றார். இருவர் பேச்சையும் கேட்டு, ஆவணியிலிருந்து கீழ்க்குட்டைக்குப் பொடியும் மேல்குட்டைக்கு ஈஸ்ட்டும் போட்டேன். இப்போது இரண்டு குட்டைக்கும் ஈஸ்ட்தான்.

இரண்டுமே கடையில் கிடைக்கின்றன, இரண்டையும் தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் கலந்துதான் போட வேண்டும், செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அந்தக் கணக்கை விட்டுவிடுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் போட்டால் எடை கூடும் என்ற நம்பிக்கை கோழிப் பண்ணையிலிருந்து வந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் இதைக் கலந்து பார்த்தபோது குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. பின்னர் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைக் கண்ட ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடுத்துவிட்டது. மீனில் இது கோழியில் போல நிலையான பலனும் தருவதில்லை. ஆக்சிடெட்ராசைக்ளின் மீனின் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெரும்பகுதி கழிவோடு தண்ணீருக்கே போய்விடும். கால்சியத்தைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். நான் பொடியோடு தாது உப்புக் கலவையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றை ஒன்று வீணாக்குகிறது என்பது தெரிந்தபோது மனம் நொந்துபோனேன்.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன். தீவனத்தை உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வைத்து, கயிறு கட்டி இறக்குவேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினால் மேல்குட்டைத் தட்டு நக்கியதுபோல் இருக்கும். கீழ்க்குட்டைத் தட்டில் ஓரமாகப் பழுப்புக் கூழ் படிந்து கிடக்கும். மிச்சமான அந்தக் கூழில் மருந்தும் இருக்கிறது. அது கரைந்து, தூம்பு வழியாக ஓடைக்கு இறங்கி, கீழே இருக்கும் தோட்டங்களுக்குப் போகிறது. மலையில் எல்லோருக்கும் கீழே இன்னொருவர் இருக்கிறார்.

தை மாதம் ஒவ்வொரு குட்டையிலும் இருபது மீன் பிடித்து எடை பார்த்தேன். கீழ்க்குட்டையில் சராசரி 410 கிராம், மேல்குட்டையில் 460 கிராம். இதை வைத்து நான் மார்தட்டவில்லை. கீழ்க்குட்டையில் சில்வர் ஓக் நிழல் அதிகம் விழும், வெயில் குறைவு. முதல் மாதத்தில் கீழ்க்குட்டை மீன்தான் கொஞ்சம் முந்தியும் இருந்தது. இரண்டு குட்டை, ஆவணி முதல் தை வரை, அவ்வளவுதான் என் அனுபவம். ஐம்பது கிராமை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

என் முடிவை மாற்றியது காத்திருப்புக் காலம். மருந்தை நிறுத்திய பிறகு அது மீனின் சதையிலிருந்து வெளியேற நாள் பிடிக்கும். அந்த நாள் கணக்கு தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது, அதனால் பாகை நாள் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நாளின் சராசரி வெப்பம் 16 பாகை என்றால் அது 16 பாகை நாள். மீனுக்கென்று காத்திருப்புக் காலம் குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பாவில் 500 பாகை நாள் என்ற அளவு நெடுங்காலம் இருந்தது. அதையே எடுத்துக்கொள்வோம். சமவெளியில் 28 பாகைத் தண்ணீரில் 18 நாளில் அது முடிந்துவிடும். மார்கழியில் என் குட்டைக்கு 32 நாள் ஆகும். இன்னும் உயரே, கொடைக்கானல் பக்கம், தண்ணீர் 12 பாகைக்கு இறங்கினால் 42 நாள். மீன் மெதுவாக வளர்கிறது என்று மருந்து போட்டால், மெதுவாக வளர வைத்த அதே குளிர்தான் மருந்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

நமது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதியில், ஒரு கிலோ மீனில் ஆக்சிடெட்ராசைக்ளின் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற மருந்துகளுக்கு மீனில் இடமே இல்லை. பெரிய பண்ணை என்றால் ஒரே நாளில் அறுவடை செய்யும், அந்த அறுவடை நாளை முன்கூட்டியே குறித்து மருந்தை நிறுத்தலாம். நான் விற்பது கரையில், உயிரோடு, வருகிறவர்களுக்கு வருகிற நாளில். பொடியை நிறுத்திய அந்தத் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையோடு வந்தார். "தம்பி, கீழ்க்குட்டையில் பெரிதாக ஒன்று பிடித்துக் கொடு, பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்டணும்" என்றார். நிறுத்திப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. மேல்குட்டையில் பிடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் பொடி டப்பாவை நான் திறக்கவில்லை.

ஈஸ்ட்டுக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. காலையில் போட்டுவிட்டு மதியம் மீன் பிடித்துக் கொடுக்கலாம். ஒரு கிலோ தீவனத்துக்குப் பத்து கிராம் ஈஸ்ட் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி வெல்லத்தோடு கரைத்து வைப்பேன். கால் மணி நேரத்தில் நுரை எழும்பி, புளித்த தோசை மாவு வாசம் வரும். அதைத் தவிட்டிலும் புண்ணாக்கிலும் விட்டுப் பிசைந்து உருட்டுவேன். ஈஸ்ட்டின் செல் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற பொருள் மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது. அதற்கு ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர், என்று விற்கும் பேசில்லஸ் பாக்டீரியாவோ குடலில் முளைத்துப் பெருகினால்தான் முழுப் பலன், 16 பாகையில் அது மந்தப்படும். பங்குனி, சித்திரையில் மட்டும் அதையும் சேர்க்கிறேன். பூண்டு அரைத்துப் போடுகிறவர்களும் உண்டு, நான் ஒரு மாதம்தான் போட்டேன், சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.

ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா தாக்கி, செதில் தூக்கி வயிறு வீங்கினால், மீன் மருத்துவம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நோய் முற்றிய மீன் தீவனமே எடுக்காது என்பதால் மருந்து போய்ச் சேர்வது பெரும்பாலும் நன்றாக இருக்கும் மீனுக்குத்தான். குளிர்காலத்தில் வரும் கொள்ளைப் புண் நோய்க்கோ மூலகாரணம் பூஞ்சை போன்ற ஒரு நீருயிரி. அதை ஆன்டிபயாட்டிக் தொடாது, சுண்ணாம்புதான் கை கொடுக்கும்.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம்போலக் குளிர்ந்த ஓடைநீரில் டிரவுட் வளர்க்கிறவர்களுக்கு என் தவிடு, புண்ணாக்குக் கணக்கு பொருந்தாது, அந்த மீனுக்குப் புரதம் மிகுந்த தீவனம் வேண்டும். காத்திருப்புக் கணக்கு மட்டும் அவர்களுக்கு என்னைவிட நீளும். கெண்டை வளர்க்கிறவர்கள் மார்கழி பிறந்ததும் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, வெயில் ஏறிய பிறகு போட்டு, தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் அளவை முடிவு செய்யுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.